மரண வீட்டிலிருந்து தொடங்குங்கள்: ஓர் ஊரின் சபைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோர ஊர்களிலும் ஒரே வீட்டுக்குள் நாலு வழிபாடு இருப்பது புதிதல்ல. அம்மம்மா செபமாலையோடு இருப்பார். அப்பா மெதடிஸ்த சபையில் வளர்ந்தவர். மகள் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறாள். சின்ன மாமா வீட்டில் பிள்ளையார் படம். ஞாயிறு காலையில் ஆளுக்கொரு பக்கம் போனாலும் மத்தியானம் ஒரே சட்டிச் சோறுதான். அம்மம்மா கண்ணை மூடும் நாளில்தான் எல்லாம் வெடிக்கிறது. பெட்டியை எந்தக் கோயிலுக்குக் கொண்டுபோவது, மெழுகுதிரி ஏற்றலாமா, பாஸ்டர் பேசலாமா, 31ஆம் நாள் நினைவை யார் செய்வது என்று அழுகைக்கு நடுவே தகராறு எழும்பும். அன்று பேசாமல் போனவர்கள் பத்து வருஷமானாலும் பேசுவதில்லை.

அந்த நாளுக்கு முன்னமே செய்துவைக்க வேண்டிய வேலைகளை இங்கே எழுதுகிறோம். மூன்று நான்கு சபைகள் உள்ள ஓர் ஊரை மனதில் வைத்திருக்கிறோம்: கல்லடி, வாழைச்சேனை, களுவாஞ்சிகுடி, கல்முனை, திருக்கோவில் போன்ற இடங்கள். சொறிக்கல்முனை போலப் பெரும்பாலோர் ஒரே திருச்சபையைச் சேர்ந்த ஊர்களுக்கு ஆட்களைச் சேர்க்கும் பகுதி மட்டும் கொஞ்சம் மாறும்.

எதை ஒற்றுமை என்கிறோம்

எல்லாரும் ஒரே சபையாக வேண்டும் என்பதோ, வேறுபாட்டைப் பேசாமல் மூடிவைப்பதோ இங்கே நோக்கம் இல்லை. 1952இல் சுவீடனின் லுண்ட் நகரில் கூடிய திருச்சபைகளின் மாநாடு ஒரு கேள்வியை முன்வைத்தது: ஆழ்ந்த நம்பிக்கை வேறுபாடு நம்மைத் தனித்தனியாகச் செய்ய வைக்கும் விடயங்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நாம் சேர்ந்தே செய்ய வேண்டாமா? இந்த அளவுகோல் ஊர் மட்டத்துக்கு நன்றாகப் பொருந்தும். எதைச் சேர்ந்து செய்ய முடியாது என்பதை நேர்மையாக ஒதுக்கிவிட்டால், மிச்சம் எவ்வளவு பெரியது என்று தெரியவரும்.

வாக்குவாதம் வருமே என்று பயப்பட வேண்டாம். அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரத்தில் எருசலேமில் கூடியவர்கள் முதலில் நன்றாகத் தர்க்கம்தான் பண்ணினார்கள். பிறகு கூட்டம் முழுக்க அமைதியாகிப் பவுலும் பர்னபாவும் சொன்னதைக் கேட்டது. கடைசியில் முடிவைக் கடிதமாக எழுதி, ஆட்களின் கையில் கொடுத்து அனுப்பினார்கள். தர்க்கம், மௌனம், கேட்டல், எழுத்து, ஆள் மூலம் தெரிவித்தல் என்ற இந்த ஒழுங்கையே கீழே பின்பற்றியிருக்கிறோம்.

முதல் வேலை: ஆட்கள்

ஒரு சபைக்கு மூன்று பேர், மொத்தம் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். பதினைந்தைத் தாண்டினால் பேசுகிறவர்கள் ஐந்து பேர்தான், மற்றவர்கள் பார்வையாளர்கள். மூவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். முப்பது வயதுக்குக் குறைந்த ஒருவரும் வேண்டும், ஏனென்றால் சபை மாறிக் கலியாணம் கட்டும் பிரச்சினை அவர்களுடையது. ஏற்கெனவே சபை மாறிய ஒருவர் குழுவில் இருந்தால் நல்லது. இரண்டு பக்கமும் தெரிந்தவர் அவர்தான்.

ஃபாதர், போதகர் ஐயா, பாஸ்டர் ஆகியோரின் ஆசீர்வாதத்தை முதலிலேயே நேரில் போய்க் கேளுங்கள். தொலைபேசியில் கேட்க வேண்டாம். ஆனால் குழுவை அவர்களுடைய தோளில் மட்டும் ஏற்றாதீர்கள். கத்தோலிக்கப் பங்குத்தந்தையும் மெதடிஸ்த போதகரும் சில வருஷத்தில் இடம் மாறிப் போவார்கள். சுயாதீன சபைப் பாஸ்டர் பெரும்பாலும் அதே ஊரில் இருப்பார். குருமாரை மட்டும் நம்பித் தொடங்கிய ஒற்றுமை முதல் இடமாற்றத்தோடு நின்றுபோவது இதனால்தான். ஊரின் ஞாபகம் விசுவாசிகளிடம்தான் இருக்கிறது.

இடம் யாருடைய கோயிலாகவும் இல்லாமல் இருக்கட்டும். ஒரு வீட்டு விறாந்தையோ பாடசாலை வகுப்பறையோ போதும். போயா விடுமுறை நாட்கள் வசதி. வெள்ளிக்கிழமை பல சபைகளில் உபவாச ஜெபம் இருக்கும், தவிர்த்துவிடுங்கள். பெரும்போக அறுவடைக் காலத்தில் வயல் ஊர்களில் ஆட்கள் கிடைக்கமாட்டார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 90 நிமிடம், ஆறு அமர்வு என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். முடிவு நாள் தெரியாத கூட்டத்துக்கு ஆட்கள் மூன்றாம் தடவை வருவதில்லை.

பேசும் முறை

நான்கே விதிகள். ஒருவர் தன் சபையைப் பற்றி மட்டும் பேசலாம். அடுத்த சபை என்ன நம்புகிறது என்று அவர் விளக்கக் கூடாது, கேள்வியாகக் கேட்கலாம். ஒருவருக்குப் பதில் சொல்லுமுன் அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அவர் "ஓம், அதைத்தான் சொன்னேன்" என்ற பிறகே பதில். ஒருவர் பேச ஐந்து நிமிடம், அடுத்தவருக்கு முன் ஒரு நிமிட மௌனம். இங்கே கேட்டது பிரசங்க மேடையிலும் வட்ஸ்அப்பிலும் வரக் கூடாது.

திருப்பிச் சொல்லும் இரண்டாவது விதிதான் வேலை செய்கிற விதி. முதல் தடவை எல்லாரும் தடுமாறுவார்கள். "நீங்கள் மாதாவை வணங்குகிறீர்கள்" என்று தொடங்குகிறவர், எதிரில் இருக்கும் அக்காவின் வாயிலிருந்து "மாதாவிடம் எங்களுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லிக் கேட்கிறோம், ஆராதனை கடவுளுக்கு மட்டும்" என்று கேட்டு, அதைத் தானே திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கும். சொன்ன பிறகும் அவர் உடன்படாமல் இருக்கலாம். ஆனால் இனி அவர் எதிர்ப்பது அந்த அக்கா உண்மையில் நம்புவதையே. கேள்விப்பட்ட ஒன்றை அல்ல.

முதல் அமர்வில் கோட்பாடே வேண்டாம். "எனக்கு முதலில் செபிக்கச் சொல்லித் தந்தது யார்?" என்று ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசட்டும்.

இரண்டு வேதாகமம், இரண்டு சொற்கள்

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குள்ள பாதிச் சண்டை சொற்சண்டை. இரண்டாம் அமர்வு முழுவதையும் இதற்கே கொடுங்கள். கத்தோலிக்கர் கையில் 1995இல் வெளிவந்த திருவிவிலியம் இருக்கும். மற்றவர்கள் பழைய பரிசுத்த வேதாகமத்தை வைத்திருப்பார்கள். ஒருவர் திருத்தூதர் பணிகள் என்பது மற்றவருக்கு அப்போஸ்தலர் நடபடிகள். அப்படியே உரோமையர் - ரோமர், திருமுழுக்கு - ஞானஸ்நானம், தூய ஆவியார் - பரிசுத்த ஆவியானவர், நற்செய்தி - சுவிசேஷம். வயதான கத்தோலிக்கர் பவுலைச் சின்னப்பர் என்றும் பேதுருவை இராயப்பர் என்றும் யோவானை அருளப்பர் என்றும் சொல்வார்கள். இளம் விசுவாசிக்கு அது வேறு யாரோ என்று தோன்றும். ஒரு பெரிய தாளில் இரண்டு நிரலாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எந்தச் சொல் சரி என்ற விவாதத்துக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

திருவிவிலியம் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு என்பது பலருக்குத் தெரியாது. கத்தோலிக்கப் பதிப்பில் 73 நூல்கள், மற்றதில் 66. ஆகவே சேர்ந்து வாசிக்கும் பகுதியை எப்போதும் இரண்டிலும் உள்ள 66இலிருந்து எடுங்கள். அதே பகுதியை இரண்டு மொழிபெயர்ப்பிலும் சத்தமாக, ஒன்றன் பின் ஒன்றாக வாசியுங்கள்.

கர்த்தர் கற்பித்த செபத்தில் கட்டாயம் தடுக்கும் ஓர் இடம் உண்டு. கத்தோலிக்கர் "தீமையிலிருந்து" என்ற வரியோடு நிறுத்துவார்கள், மற்றவர்கள் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று தொடர்வார்கள். பாதிப் பேர் நிற்க, பாதிப் பேர் தொடர, எல்லாருக்கும் சங்கடமாகிவிடும். கத்தோலிக்கத் திருப்பலியிலும் அந்த வரி வருகிறது, இடையில் குருவின் செபம் ஒன்று இருப்பதுதான் வித்தியாசம். எனவே சேர்ந்து செபிக்கும்போது முடிவு வரி வரை சொல்வதென முன்கூட்டியே தீர்மானித்து, முழுச் செபத்தையும் அச்சடித்துக் கையில் கொடுங்கள். விசுவாசப் பிரமாணத்தில் வரும் "கத்தோலிக்க" என்ற சொல்லும் அப்படித்தான். கிரேக்கத்தில் அதற்குப் பொதுவானது, முழுமைக்கும் உரியது என்று பொருள். சீர்திருத்தச் சபைத் தமிழில் "பொதுவான" என்று வருவது அதே சொல்தான்.

மூன்று நிரல் கொப்பி

மூன்றாம் அமர்விலிருந்து ஒருவர் கொப்பி எழுத வேண்டும். முதல் நிரல்: ஒரே மாதிரிச் சொல்பவை. இரண்டாவது: வேறு சொற்களில் சொன்னாலும் ஒன்றாய் இருப்பவை. மூன்றாவது: உண்மையாகவே வேறுபடுபவை. மூன்றாவது நிரல் வெறுமையாய் இருந்தால் உங்கள் குழு இன்னும் உண்மை பேசத் தொடங்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது நிரலுக்கு உதாரணம், மனிதன் கடவுளுக்கு முன் எப்படி நீதிமானாகிறான் என்பது. 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவைப் பிளந்த கேள்வி அது. 1999 ஒக்டோபர் 31இல் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் இதுபற்றி ஒரு கூட்டறிக்கையில் ஒப்பமிட்டார்கள். 2006இல் உலக மெதடிஸ்தரும் அதில் சேர்ந்துகொண்டார்கள். பழைய பிரசங்கங்களில் இன்னும் இது தீராத பகை போலப் பேசப்படுவதால் இதைத் தேதியோடு சொல்லுங்கள்.

மூன்றாவது நிரலில் ஞானஸ்நானம் வரும். கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் அங்கிலிக்கரும் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். பெந்தெகொஸ்தே சபைகள் விசுவாசத்தை அறிக்கை செய்தவருக்கு மட்டும், முழுக்கி எடுத்துக் கொடுக்கின்றன. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற பெயரால் தண்ணீரால் கொடுத்ததைக் கத்தோலிக்கத் திருச்சபை மறுபடி கொடுப்பதில்லை. இயேசுவின் நாமத்தில் மட்டும் கொடுக்கும் குழுக்களின் ஞானஸ்நானத்தை அது ஏற்பதுமில்லை. 1982இல் பெருவின் லீமாவில் முடிவான, உலகத் திருச்சபைகள் மன்றத்தின் ஆவணமும் மறுஞானஸ்நானமாகத் தோன்றும் எதையும் தவிர்க்கச் சொல்லுகிறது. பெந்தெகொஸ்தே சகோதரர் பார்வையிலோ குழந்தைக்குக் கொடுத்தது ஞானஸ்நானமே அல்ல, ஆகவே அவர் எதையும் "மறுபடி" செய்யவில்லை. இது ஆறு அமர்வில் தீராது. தீரவில்லை என்று கொப்பியில் எழுதிவிட்டு, அதனோடு எப்படி வாழ்வது என்பதற்குப் போங்கள்.

மரண வீடு

ஐந்தாம் அமர்வில் எழுத வேண்டிய முதல் உடன்பாடு இது. கலியாணத்தைப் பேச நாள் கிடைக்கும், மரணத்துக்கு ஒரே இரவுதான் கிடைக்கும்.

குடும்பம் குடும்பமாக ஒரு தாள் எழுதிவைக்கச் சொல்லுங்கள். அறுபது வயது கடந்த ஒவ்வொருவரும் தன் கைப்பட எழுதி, இரண்டு பிள்ளைகள் ஒப்பமிட்டு, ஒரு பிரதியைத் தன் சபையில் கொடுக்க வேண்டும். அதில் ஐந்து விடயம் போதும்: எந்தச் சபை முறைப்படி அடக்கம், எந்தச் சேமக்காலை, வேறு சபையிலிருந்து யார் செபிக்க அல்லது பேசலாம், எது செய்ய வேண்டாம், 31ஆம் நாளில் என்ன. சபை மாறியவருக்கு இந்தத் தாள் மிக முக்கியம். சில சேமக்காலைகள் பங்குக்குச் சொந்தம், சில பொது மயானம். பங்குச் சேமக்காலையில் பெற்றோரின் குழிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்ய வேண்டுமென்றால், உயிரோடு இருக்கும்போதே பங்குத்தந்தையிடம் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

சபைகள் தங்களுக்குள் எழுதும் உடன்பாடு இப்படி இருக்கட்டும். அடக்க ஆராதனையை நடத்துவது இறந்தவரின் சபை ஒன்றே. இரண்டு குருமார் ஒரே ஆராதனையைப் பங்குபோட வேண்டாம். மற்றச் சபைகளுக்கு முதல்நாள் இரவு வீட்டில் நேரம் ஒதுக்குங்கள்: 6.30 முதல் 7.15 வரை செபமாலை, 7.30 முதல் 8.15 வரை பாட்டும் வேதவாசிப்பும். ஒரு சபை செபிக்கும்போது மற்றச் சபையார் வெளியே போய் நிற்க வேண்டாம். உள்ளே அமைதியாக இருக்கலாம், பதிலுரை சொல்லக் கட்டாயமில்லை. வருகைக் குருவுக்குப் பேச ஏழு நிமிடம், இறந்தவரைப் பற்றியும் உயிர்த்தெழுதலின் நம்பிக்கையைப் பற்றியும் மட்டும்.

இரண்டு காரியத்தை முற்றாகத் தடை செய்யுங்கள். இறந்தவர் இரட்சிக்கப்பட்டாரா இல்லையா என்று யாரும் மரண வீட்டில் பேசக் கூடாது. துக்கத்தில் இருப்பவர்களைச் சபை மாறும்படி அழைக்கவும் கூடாது. பெட்டிக்கு முன்னால் சொன்ன ஒரு வசனம் ஒரு குடும்பத்தை ஒரு தலைமுறைக்குப் பிரித்துவிடும். இந்தத் தடையில் மட்டும் எந்தச் சலுகையும் காட்ட வேண்டாம்.

மெழுகுதிரி, சாம்பிராணி, பூ எல்லாம் வீட்டாரின் விருப்பம். அதை ஏற்காதவர் தான் ஏற்றாமல் இருக்கலாம். இருப்பதை அணைக்க உரிமை இல்லை. 31ஆம் நாள் திருப்பலிக்குப் பெந்தெகொஸ்தே மகள் போகாமல் இருந்தாலும், அன்றைய சாப்பாட்டுக்கு அரிசி கழுவ அவள் காலையிலேயே வரட்டும். அம்மாவை நினைக்கத் திருப்பலிக்குப் போகிறவருக்கும் போகாதவருக்கும் ஒரே உரிமை.

கலியாணம்

கத்தோலிக்கர் ஒருவர் ஞானஸ்நானம் பெற்ற வேறு சபையாரைக் கட்டுவதற்கு ஆயரின் அனுமதி வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் முடிந்ததைச் செய்வதாகக் கத்தோலிக்கர் வாக்குக் கொடுக்க வேண்டும். மற்றவருக்கு அதைத் தெரிவிக்க வேண்டும். மற்றவர் அப்படி வாக்குக் கொடுக்கத் தேவையில்லை. இந்த ஒரு வித்தியாசம் தெரியாததால் "எங்கட பிள்ளையைக் கட்டாயப்படுத்துகிறார்கள்" என்ற கதை பரவுகிறது. வேறு சபைக் கோயிலில் நடத்தவும் அனுமதி கேட்கலாம், ஆனால் முன்கூட்டியே. மண்டபம் பதிவு செய்த பிறகு குருவிடம் போவதே இங்கே நடக்கும் பெரிய பிழை. குறைந்தது ஆறு மாதத்துக்கு முன் இரண்டு குருமாரையும் இணையர் சேர்ந்தே போய்ப் பார்க்க வேண்டும்.

சபை மாறுதல்

"ஆட்டைத் திருடுகிறார்கள்" என்ற சொல்லைக் குழுவில் பாவிக்க வேண்டாம். ஆள் போனதற்குக் காரணம் பலவேளை, வருத்தத்தில் படுத்திருந்தபோது பழைய சபையிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்காததுதான். ஆனாலும் புதிய சபைக்கும் பொறுப்பு உண்டு. ஒருவர் மூன்று ஞாயிறு தொடர்ந்து வந்தால், பாஸ்டர் அவரிடமே கேட்டு, அவருக்குத் தெரிந்தபடியே பழைய குருவுக்கு அறிவிக்கட்டும். மூன்று மாதம் வரை ஞானஸ்நானமோ அங்கத்துவமோ வேண்டாம். அதற்குள் பழைய சபையிலிருந்து ஒருவர் ஒரு தடவை போய்க் கேட்கட்டும்: மனம் நொந்து போனீர்களா? நொந்திருந்தால் மத்தேயு 18:15 சொல்வதுபோல முதலில் இருவர் தனியாகப் பேசட்டும். மனசாட்சிப்படி போகிறார் என்றால் வாழ்த்தி அனுப்புங்கள்.

ஒரு விலக்கு. பிள்ளைக்கோ பெண்ணுக்கோ சபையில் தீங்கு நடந்திருந்தால், அது ஒற்றுமையின் பெயரால் குழுவில் பேசித் தீர்க்கும் விடயமல்ல. சிறுவர் என்றால் 1929, பெண்கள் என்றால் 1938 இலக்கத்துக்கு உடனே அறிவியுங்கள்.

வெள்ளம் வரும்போது

கார்த்திகை, மார்கழி மழையில் வாவியோர ஊர்கள் தண்ணீருக்குள் போவது ஏறக்குறைய வருஷ வழக்கம். ஆறாம் அமர்வில் நிவாரண உடன்பாட்டை எழுதுங்கள். எல்லாச் சபைக்கும் ஒரே பட்டியல்: வீட்டுத் தலைவர், ஆட்கள் எத்தனை, கைக்குழந்தை, நோயாளி, பெற்ற பொருள், திகதி. பட்டியலைக் கிராம உத்தியோகத்தரோடு ஒப்பிடுங்கள். தெருக்களைச் சபைகளுக்குள் பிரியுங்கள், ஆனால் ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு சபையார் சேர்ந்து போகட்டும். பொதிக்குள் துண்டுப்பிரசுரம் வைக்கக் கூடாது. இந்து, முஸ்லிம் வீடுகளும் அதே பட்டியலில் அதே ஒழுங்கில் வரட்டும். 2004 சுனாமிக்குப் பிறகு உதவியோடு மதமாற்றம் சேர்கிறது என்ற சந்தேகம் நாடு முழுக்க எழுந்தது. அந்தச் சந்தேகத்தைத் துண்டுப்பிரசுரம் இல்லாத அரிசிப் பொதிதான் குறைக்கும்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் மட்டக்களப்பில் சீயோன் சபையும், கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் கத்தோலிக்கக் கோயில்களும் தாக்கப்பட்டன. சீயோனில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் இறந்தார்கள். குண்டு வைத்தவன் யார் எந்தச் சபை என்று பிரித்துப் பார்க்கவில்லை. அந்த நினைவு நாளைத் தனித்தனியாக மட்டும் அனுசரிக்காமல் ஒரு மணி நேரமாவது சேர்ந்து செபியுங்கள். அயலில் உள்ள முஸ்லிம் குடும்பங்களின் மீது பழி சொல்லும் ஒரு வார்த்தையும் அந்தச் செபத்தில் வரக் கூடாது.

இந்து உறவினர் வீட்டுப் படையல், சடங்குச் சோறு பற்றியும் சபைக்குச் சபை நிலைப்பாடு வேறு. 1 கொரிந்தியர் 8ஐயும் ரோமர் 14ஐயும் சேர்ந்து வாசித்து, உண்பவர் உண்ணாதவரைப் பழிக்காமல், உண்ணாதவர் உண்பவரைக் குற்றவாளியாகத் தீர்க்காமல் இருக்கப் பழகுங்கள். மறுக்கிறவர் "மாமி, இது வேண்டாம், சமைத்ததில் ஒரு பிடி தாருங்கள்" என்று உட்கார்ந்து சாப்பிட்டால் உறவு போகாது. வாசலிலேயே நின்று மறுத்தால் போகும்.

சேர்ந்து செபிக்கும் நாள்

இதைக் கடைசியில்தான் செய்ய வேண்டும். முதலிலேயே பெரிய மேடை போட்டால் படம் எடுத்துக்கொண்டு கலைந்துபோவார்கள். ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான செபவாரம், 1908இல் தொடங்கியது. எங்களுக்குப் பொங்கல் முடிந்த கையோடு வரும். அதற்கான வழிபாட்டு நூலைக் கத்தோலிக்கத் திருச்சபையும் உலகத் திருச்சபைகள் மன்றமும் ஆண்டுதோறும் சேர்ந்து தயாரிக்கின்றன. ஊர்த் தமிழில் வேண்டுமென்றால் நவம்பரிலேயே மொழிபெயர்க்க இருவரை நியமியுங்கள்.

ஒரு மணி நேர வார்த்தை வழிபாடு போதும். நற்கருணை வேண்டாம். கத்தோலிக்க ஒழுங்கில் பொதுவாக மற்றச் சபையாருக்கு அது கொடுக்கப்படுவதில்லை, மெதடிஸ்த மேசை கூடுதல் திறந்தது, பெந்தெகொஸ்தே சபைகளில் இன்னொரு ஒழுங்கு. சேர்ந்து செபிக்க வந்தவரை அந்த இடத்தில் விலக்கி நிறுத்துவது புண்படுத்தும். நாலு பாட்டு எடுங்கள், சபைக்கொன்று, எல்லாருக்கும் மெட்டுத் தெரிந்ததாக. ஒலிபெருக்கியின் சத்தத்தையும் அந்நியபாஷையில் (ஆவியின் ஏவலால் வருவதாக நம்பும், கேட்பவருக்குப் புரியாத மொழியில்) செபிப்பதையும் பற்றி முன்னரே பேசி முடிவெடுங்கள். பேசாமல் விட்டால் அன்று ஒரு பக்கம் மிரளும், மறுபக்கம் அடக்கப்பட்டதாக உணரும்.

இடையில் நின்றுபோனால்

பெரும்பாலும் நான்காம் அமர்வில், மாதா, இறந்தோருக்கான செபம் என்று வரும்போது, ஒருவர் எழும்பிப் போவார். அன்றே அவர் வீட்டுக்கு இருவர் போங்கள், ஒருவர் அவருடைய சபை, மற்றவர் எதிர்ப்பக்கம். விவாதத்தைத் தொடர வேண்டாம். ஒரு பிளேன்டி குடித்துவிட்டு, அடுத்த திகதியைச் சொல்லிவிட்டு வாருங்கள். பிலிப்பியர் 4இல் பவுல் எயோதியாளையும் சிந்திகேயாளையும் ஒரே சிந்தையாய் இருக்கக் கேட்டுவிட்டு, மூன்றாம் ஆள் ஒருவரை அவர்களுக்கு உதவச் சொல்கிறார். அந்த மூன்றாம் ஆளை முதல் அமர்விலேயே தெரிந்து வைத்திருங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நன்றாகப் பொருந்துவார்.

ஆறாம் அமர்வு முடிய, மரணம், கலியாணம், சபை மாறுதல், நிவாரணம் ஆகிய நாலு உடன்பாடும் நாலு பக்கத்துக்குள் தட்டச்சாகி, எல்லாக் குருமாரின் ஒப்பத்தோடு இருக்க வேண்டும். சபைக்கொரு பிரதி, கூடுதலாக ஒன்று குழுவின் கொப்பியோடு ஒரு வீட்டில். புதிய ஃபாதரோ போதகர் ஐயாவோ ஊருக்கு வந்தால், முதல் மாதத்துக்குள் சபைக்கு ஒருவராகச் சேர்ந்து போய் அந்த நாலு பக்கத்தையும் அவருக்கு வாசித்துக் காட்டி, அவருடைய ஒப்பத்தையும் திகதியோடு வாங்குங்கள்.